நீதிபதி வீட்டுக் கோப்பில் ஐந்து வரிகள்

நான் எழுதியது ஐந்து வரி. அதன் கீழே நான்கு பேர் கையொப்பம் வைத்தார்கள். நான்கு பேரில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் போகிறவள் நான். பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் சுடுவது பிள்ளையா, என் கையா என்று சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறவள். அப்படிப்பட்ட ஒருத்தி எழுதிய ஐந்து வரி அது. எழுதியதற்கு நான் வருந்தவில்லை. வருந்தும்படி கேட்டவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். அப்போது குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னேன்.

மாத்தளை நகரத்தில், அரசாங்கக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் இலிகிதராக, கோப்பு எழுதுகிறவளாக, இருந்தேன். எனக்குத் தரப்பட்ட வேலை உத்தியோகபூர்வ இல்லங்கள். மூத்த அதிகாரிகளும் நீதிபதிகளும் பதவியில் இருக்கும்வரை குடியிருக்கும் அரசாங்க வீடுகள். எந்த வீட்டில் எந்தக் குழாய் உடைந்தது, எந்த யன்னலுக்குத் திரைச்சீலை இல்லை என்பதெல்லாம் என் மேசைக்கு வரும். யாரும் விரும்பிக் கேட்கிற வேலை இல்லை இது. பெரியவர்களின் வீட்டு விஷயம். செய்தாலும் திட்டு, செய்யாவிட்டாலும் திட்டு. அதனால்தான் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளையிடம் தள்ளிவிட்டார்கள் என்று கணவர் சொல்வார்.

நீதிபதிக்கு வீடு கொடுப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. ஊரில் ஒரு முதலாளியின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, அதே முதலாளியின் காணி வழக்கை ஒருவர் எப்படி விசாரிப்பார்? வீடு, வாகனம், பாதுகாப்பு, தொலைபேசி, தளபாடம் எல்லாம் அவருக்கு அரசாங்கமே கொடுத்துவிட வேண்டும். ஊரில் யாரிடமும் அவர் கதிரை கூடக் கடன் வாங்கக் கூடாது. இதற்கென்று ஒரு சுற்றுநிருபம், அரசாங்கச் சுற்றறிக்கை, இருக்கிறது. சாப்பாட்டு மேசை ஒன்று, அதற்கு இத்தனை கதிரை, கட்டில் இத்தனை என்று பின்னிணைப்பில் எல்லாம் எழுதியிருக்கும். அதே சுற்றுநிருபத்தில் ஒரு வரம்பும் இருக்கிறது. ஒரு வீட்டுத் திருத்த வேலைக்கு வருடத்துக்கு இவ்வளவுதான். அதைத் தாண்டினால் கொழும்புக்குக் காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். வீடு கொடுப்பதற்கும் வரம்பு வைப்பதற்கும் காரணம் ஒன்றுதான் என்று நான் விளங்கிக்கொண்டேன். நீதிபதியைப் பார்த்து ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

விளங்கிக்கொண்டது நான். அலுவலகம் விளங்கிக்கொண்டது வேறு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலையைத் துண்டு போடுவது. ஒரு வீட்டுக்குச் செய்யப்போகும் வேலை வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தால், அதை மூன்றாக்குவார்கள். குளியலறைக்கு ஒரு மதிப்பீடு, சமையலறைக்கு இன்னொன்று, திரைச்சீலைக்கும் நிறப்பூச்சுக்கும் மற்றொன்று. மூன்றுக்கும் வேறு வேறு திகதி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் பிரதம இலிகிதர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த சிங்களப் பெண்மணி. கெட்டவர் இல்லை. பிள்ளை பிறந்தபோது வீட்டுக்கு வந்து வெள்ளைத் தொப்பியும் காலுறையும் கொடுத்தவர். என்னை ‘நங்கி’ என்று தங்கை முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அலுவலகத்தில் எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். என் நினைவில் அது என் வீட்டுப் பேச்சாகவே பதிந்திருக்கிறது; அப்படியே எழுதுகிறேன்.

“நங்கி, ஒரு பெரிய பப்பாசிப்பழம் வாங்குனா முழுசாவா வாயில போடுற? வெட்டித்தானே திங்கிற? இதுவும் அப்படித்தான்” என்றார்.

“ஆனா மிஸ், பழம் ஒண்ணுதானே?”

“அத கேக்கப்படாது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதற்கு முந்திய வருடம் இரண்டு வீடுகளுக்கு அப்படித் துண்டு போட்ட கோப்புகளில் ‘வரம்புக்குள் உள்ளது, அனுமதிக்காகச் சமர்ப்பிக்கிறேன்’ என்று எழுதியவள் நான்தான். அந்த வாக்கியம் எல்லாப் பழைய கோப்புகளிலும் சிங்களத்தில் இருக்கும். பார்த்து எழுதினால் போதும். சிங்களம் நான் சரளமாகப் பேசுவேன். எழுதுவதென்றால்தான் பயம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். ஆகவே எந்தக் குறிப்பையும் பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் எழுதுவேன். இந்தப் பழக்கம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவிடம்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போவேன்; அவர்கள் வழக்கப்படி ராத்தா என்று கூப்பிடுவேன். அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. பகல் பன்னிரண்டரைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, ஒன்றேகாலுக்குள் மேசைக்குத் திரும்பிவிடுவேன். பிள்ளைக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். போத்தல் பால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே நான் அந்த அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பிடிக்காவிட்டால் யாரும் சண்டை போட மாட்டார்கள். இடமாற்றப் பட்டியலில் பெயர் வரும். வில்கமுவ பக்கம் போட்டுவிட்டால் விடியுமுன் போய் இருட்டித்தான் வரலாம். பிள்ளைக்குப் பகல் பால் இல்லை. எதை எழுதும்போதும் எனக்கு இது நினைவிருக்கும்.

அந்த வருடம் ஒரு மூத்த நீதிபதி மாற்றலாகி வருவதாகத் தகவல் வந்தது. உடனே அவருக்கான வீட்டுக்கு மூன்று மதிப்பீடுகள் என் மேசைக்கு வந்தன. குளியலறைத் தரையையும் சுவரையும் புதிதாக்குவது. சமையலறையை இடித்துக் கட்டுவது. திரைச்சீலை, நிறப்பூச்சு, வரவேற்பறைக்கு மரச் சோடனை. வருகிறவர் இவற்றில் எதையாவது கேட்டாரா என்று கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கடிதமும் இல்லை. அவர் இன்னும் வரவே இல்லை.

தளபாடப் பட்டியலைச் சரிபார்க்க நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல வீடு. குளியலறைத் தரையில் ஒரு கீறல்கூட இல்லை. சமையலறை அலுமாரிகள் இரண்டு வருடத்துக்கு முன் போட்டவை. கைப்பிடிகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. நான் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். என் கண் சரியா என்ற சந்தேகம் வந்ததால் மூன்றாம் தடவையும் தட்டினேன்.

பின்பக்கம் காவலாளியின் அறை. அவரும் மனைவியும் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தார்கள். மனைவி தமிழ்ப் பெண். நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“மிஸ், இங்க வந்து பாருங்க. எங்க தலைக்கு மேல யாரு இருக்காங்கன்னு பாருங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். கூரைத் தகட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அதை மறைக்கத் தேர்தல் பெனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் பெரிய முகம், தலைகீழாக, கட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“எலெக்சன்ல ஒண்ணும் செய்யல இந்த ஆளு. இப்பதான் மழைய மறிக்கிறாரு” என்றாள். “அதுவும் பாதிதான். மூக்குக்கிட்ட ஓட்ட.”

சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கட்டிலின் ஈரத் தலையணையைப் பார்த்தேன். மூன்று மதிப்பீட்டிலும் இந்த அறை இல்லை. ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். “அதுக்கு ஒதுக்கீடு இல்ல” என்றார்கள்.

அந்த வாக்கியத்தை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். யட்டவத்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் காம்பராவின் கூரைக்கு ஒரே ஒரு தகரம் கேட்டு அப்பா தோட்டத்து ஆபீசுக்கு நடந்த நடையில் அந்தத் தகரத்தைத் தானே செய்திருக்கலாம். “ஒதுக்கீடு இல்லையாம்” என்று வந்து சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இல்லாததை இல்லை என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே உடையாத தரையை உடைப்பதற்கு ஒதுக்கீடு இருந்தது. மூன்று துண்டாக இருந்தது.

மூன்று மதிப்பீடுகளையும் அந்த வீட்டின் கோப்பில் வைத்துக்கட்டி, குறிப்புத்தாளைத் திறந்தேன். வழக்கமான வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை. வேறு எழுதலாம் என்றால், பார்த்து எழுத ஒன்றும் இல்லை. பழைய கோப்புகளில் பதினைந்தைப் புரட்டியிருப்பேன். ‘வரம்பைத் தாண்டுகிறது’ என்று ஒருவரும், ஒரு தடவைகூட எழுதியிருக்கவில்லை. இதுவரை யாரும் எழுதாத ஒன்றைச் சிங்களத்தில் நானாக எழுதப் போய்ப் பிழை விட்டு, பிழையைப் பார்த்தே எல்லோரும் சிரித்து முடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். பயத்தில் தமிழில் எழுதினேன். சட்டப்படி அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உரிமையை நினைத்து எழுதவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘இந்த மூன்று மதிப்பீடுகளும் ஒரே இல்லத்துக்கானவை. ஒன்றாகச் சேர்த்தால் சுற்றுநிருபத்தின் வரம்பைத் தாண்டுகின்றன. குளியலறையும் சமையலறையும் நல்ல நிலையில் இருப்பதை நேரில் கண்டேன். பின்புறக் காவலாளி அறையின் கூரை உடைந்துள்ளது; அது எந்த மதிப்பீட்டிலும் சேர்க்கப்படவில்லை. வரம்புக்குள் அதை முதலில் திருத்தலாம் எனப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.’

ஐந்து வரி. எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம்: குறிப்பு எழுதுகிறவர், மேலதிகாரிகள் கையொப்பம் வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அவர்களுக்கு நேரம் மிச்சம். நான்கு குறி போட்டேன். கை தன் பாட்டில் போட்டது. இன்றுவரை என்னை உறுத்துவது அந்த ஐந்து வரி இல்லை. இந்த நான்கு குறிதான். அவர்கள் வாசிக்காமல் கடந்து போகட்டும் என்று உள்ளுக்குள் நினைத்தேனா? யாராவது “இதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். கேட்கமாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

கேட்கவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையொப்பம் வைத்தார். பிரதம இலிகிதர் வைத்தார். கணக்காளர் வைத்தார். கடைசியாகப் பொறியியலாளர், தொலைபேசியில் பேசிக்கொண்டே வைத்தார். பென்சில் குறியின் மேல் பேனைக் கோடு அழகாக ஓடியது. அதற்குள் வந்து பொறுப்பேற்றிருந்த நீதிபதியின் அலுவலகத்துக்குக் கோப்பு போயிற்று. குடியிருக்கப் போகிறவரின் சம்மதம் வாங்காமல் வீட்டில் வேலை தொடங்க முடியாது. வழக்கமாக அங்கே ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வாரமும் எனக்கு அதே நினைப்பு. தாளைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தாலும் கோப்பு கையில் இல்லை. இருந்தாலும் தாளுக்கு இலக்கம் உண்டு. தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு மொத்தக் கடையில் என் கணவர் வேலை. விடியற்காலையில் போய்ப் பிற்பகலில் வருவார். முட்டைக்கோவாவின் வாசத்தோடு வந்து உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உண்மையத்தானே எழுதுன?” என்றார்.

“உண்மைதாங்க. ஆனா...”

“என்னா ஆனா? உனக்கு அந்த ‘ஆனா’ இல்லாம ஒரு வசனம் பேச வராதா?”

“ஆனா பிள்ள...” என்று தொடங்கியதும் அவரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஒன்பதாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. பொறியியலாளர் அதைத் தன் மேசையில் திறந்து பார்த்துவிட்டுப் பிரதம இலிகிதரைக் கூப்பிட்டார்; அவர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முத்திரை இருந்தது. அதற்கு மேலே, என் குறிப்புக்கும் அந்த நான்கு கையொப்பத்துக்கும் கீழே, நீல மையில் தமிழில் மூன்று வரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, உருண்டையாக நின்றது. சிங்களவர் அவர். பல வருடம் கிழக்கிலே நீதிமன்றங்களில் இருந்தபோது தமிழ் கற்றுக்கொண்டவர் என்று பிறகுதான் தெரிந்தது.

“நீதிபதி என்னமோ தமிழ்ல எழுதியிருக்காரு” என்றார் பொறியியலாளர். “என்னான்னு வாசி.”

வாசித்தால் என் குறிப்பையும் வாசிக்க வேண்டும். நின்றேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது; அதைப் பிடித்துக்கொள்ளும் சாக்கில் மேசை விளிம்பையும் பிடித்துக்கொண்டேன். முதலில் மேலே இருப்பதை வாசிக்க வேண்டும் சேர் என்றேன். என் ஐந்து வரியையும் தமிழில் வாசித்து, ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். இரண்டாவது வரியில் பிரதம இலிகிதர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நீதிபதியின் வரிகளுக்கு வந்தேன்.

‘இந்தக் குறிப்பை வாசித்தேன். இதன் கீழே கையொப்பம் இட்டவர்களும் வாசித்துத்தான் இட்டிருப்பார்கள் என நம்புகிறேன். இதன்படியே செய்க.’

பொறியியலாளர் தன் கையொப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவருடைய கையைத் திருடி வைத்த மாதிரி.

“நீ என்கிட்ட சொன்னியா?” என்று கேட்டார்.

“நீங்க கேக்கல சேர்.”

அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம். அவர் கோப்பை மூடினார். “போ” என்றார்.

அன்று பிற்பகல் பிரதம இலிகிதர் என் மேசைக்குத் தன் தேநீரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு தாளும் கொண்டுவந்தார்.

“நங்கி, நான் ஒனக்குக் கெடுதல் நெனைக்க மாட்டேன்னு தெரியும்தானே. வரம்பத் தாண்டுதுன்னு எழுதினதுக்குக் கீழ நாங்க நாலு பேரும் கையொப்பம் வெச்சிருக்கோம். கணக்காய்வு வந்தா தெரிஞ்சேதான் இத்தன வருசமும் துண்டு போட்டோம்னு ஆகும். நீ ஒரு கடிதம் குடுத்துரு. ‘தவறுதலா எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க.’ அவ்வளவுதான். நானே சிங்களத்துல எழுதிக் கொண்டாந்திருக்கேன். பாத்து எழுது.”

“மிஸ், தரை உடையலயே. நான் தட்டிப் பாத்தேன்.”

“தரைய விடு. எடமாத்தப் பட்டியல் தயாராகுது. ஒம் பிள்ளைய நெனச்சுக்க.”

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே என் பிள்ளையை நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. பார்த்து எழுத, கடைசியில் எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. அழகான கையெழுத்து. பிழையே இல்லை.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“தங்கச்சி, நீங்க பொய்யா எழுதினீங்க?”

“இல்ல ராத்தா. ஆனா அவங்களுக்குச் சொல்லாமத்தான் எழுதினேன். அது பிழதானே?”

“அப்ப அத மட்டும் பிழைன்டு எழுதுங்க. மத்ததுக்கு ஏன் மன்னிப்புக் கேக்கணும்? பிச்ச எடுக்க வந்த மாதிரி.” பிள்ளையை என் கையில் தந்தார். “இவ எங்கயும் ஓடிப் போறல்ல. காலையில அஞ்சு மணிக்குக் கொண்டு வந்தாலும் என்ட கதவு திறந்துதான் ஈக்கிம். சுபஹு தொழுகைக்கு எழும்பிற ஆள்தானே நான்.”

மறுநாள் காலை, பிரதம இலிகிதர் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் பார்க்காமல் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘குறிப்பை நான் தமிழில் எழுதினேன். அதன் கருத்தை மேலதிகாரிகளுக்குச் சொல்லாதது என் பிழை. குறிப்பில் உள்ளது பிழையல்ல. அதை நான் திரும்பப் பெறவில்லை.’ ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிரதம இலிகிதர் வாசித்தார். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனையை எடுத்து இரண்டு எழுத்தைத் திருத்தினார். மூன்றாவது இடத்தில் பேனை நின்றது.

“இப்படியேவா குடுக்கப் போற?”

“ஆமா மிஸ்.”

“எழுத்துப் பிழைய மட்டும் திருத்திக்க” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். நான் திருத்தினேன். கொடுத்தேன்.

இடமாற்றக் கடிதம் ஏழாம் வாரம் வந்தது. நாவுல. வில்கமுவ இல்லை. யாரோ எனக்காக ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். பிரதம இலிகிதராக இருக்கலாம், நான் கேட்கவில்லை. மேன்முறையீடு செய்தேன், தமிழில். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“பழி வாங்குறவங்ககூட என் ரூட்டப் பாத்துத்தான் போட்டிருக்காங்க. தம்புள்ள போற வழிதானே” என்றார் கணவர். நான் சிரிக்கவில்லை என்றதும், “சரி, சிரிக்காத. அந்தப் பையத் தா” என்று என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித் தந்தார்.

நாவுலயில் வேலை தொடங்கிய முதல் வாரம் முழுக்க, பன்னிரண்டரை மணிக்கு என் சட்டை நனைந்தது. துணியை மடித்து வைத்துக்கொண்டேன். கழிப்பறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கே, வீட்டில், ராத்தா கோப்பையால் புகட்டிப் பார்த்தாராம். முதல் நாள் துப்பினாளாம். இரண்டாம் நாளும். நான்காம் நாள் குடித்தாளாம். ராத்தா அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷம் என்றேன். என் பிள்ளை நான் இல்லாமல் குடிக்கப் பழகியதற்கு நான் கொடுத்த விலை என்ன என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் சின்னது என்று சொல்ல வேண்டாம். அந்தக் கடிதத்தை இன்று எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாத்தளைச் சந்தையில் காவலாளியின் மனைவியைக் கண்டேன். தூரத்திலிருந்தே கத்தினாள்.

“மிஸ்! புதுத் தகடு போட்டாச்சு!”

“பெனர் என்னாச்சு?”

“கோழிக்கூட்டுக்கு மேல போட்டிருக்கேன். இப்ப கோழிங்களப் பாத்துச் சிரிக்கிறாரு.”

நீதிபதி வீட்டுக் குளியலறைத் தரையை யாரும் உடைக்கவில்லை என்றும் சொன்னாள். ஐயா அந்த அறையை வந்து எட்டிப் பார்த்தாராம். தகட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நான் அவரை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. காண வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் எனக்கு உதவி செய்யவில்லை, கோப்பை வாசித்தார். அவ்வளவுதான். அதைத்தான் மற்ற நான்கு பேரும் செய்யவில்லை.

நாவுல அலுவலகத்திலும் உத்தியோகபூர்வ இல்லங்கள் என்ற வேலையை யாரும் விரும்பவில்லை. அது நேராக என்னிடமே வந்து சேர்ந்தது. இரண்டாம் மாதம் ஓர் அதிகாரியின் வீட்டுக்கு இரண்டு மதிப்பீடுகள் வந்தன. திகதி மட்டும் வேறு. போய்ப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். மூன்று தடவைதான், அந்தப் பழக்கம் போகாது. வந்து உட்கார்ந்து தமிழில் நான்கு வரி எழுதினேன்.

இந்த முறை கோப்பை மற்றக் கோப்புகளோடு அடுக்கி அனுப்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மேலதிகாரி எங்கள் பழைய பொறியியலாளரைவிட வயது குறைந்தவர். தேநீர் முன்னால் இருந்தது. பேனையை எடுத்துத் தயாராகக் கையை நீட்டினார்.

“சேர், நான் இத தமிழ்ல எழுதியிருக்கேன். கையொப்பம் வைக்க முந்தி வாசிச்சுக் காட்டுறேன்.”

“சுருக்கமா சொல்லேன். சரியாத்தானே இருக்கும்?”

“சரியாத்தான் இருக்கு சேர். ஆனா உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம்.”

பேனையைக் கீழே வைத்தார். வாசித்தேன். ஒவ்வொரு வரியும் தமிழில், பிறகு சிங்களத்தில். இரண்டாவது வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தேநீரைத் தொடவில்லை. சுவரில் மணி பன்னிரண்டரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் பேனையை எடுத்துத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். எதையோ தேடினார்.

“எங்க வைக்கிறது? குறி ஒண்ணும் போடலயே?”

“நான் வாசிச்சு முடிச்ச எடத்துல சேர்” என்றேன்.